பயச்சீட்டு

மார்பில் புற்றுநோய் வந்தவளுக்கு ரோஸ் கலர்தான் பிடிக்கும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ தெரியாது. திருநெல்வேலி புறவழிச்சாலையில் புதிதாக எழும்பியிருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், வயசு குறைந்த நோயாளிப் பெண்களுக்கென்று ஒரு குழு நடந்தது. குழு கூடுகிற அறையில் சுவர் ரோஸ், நாற்காலி ரோஸ், மாதாமாதம் ஊதிக் கட்டுகிற பலூன் ரோஸ், இலவசமாகக் கொடுத்த பனியனும் ரோஸ். பனியனின் முதுகில் ‘நான் வீராங்கனை’ என்று அச்சடித்திருக்கும். மங்கையர்க்கரசி தனக்குக் கிடைத்த பனியனை மறுநாளே டிரைவிங் ஸ்கூல் காரின் கண்ணாடி துடைக்கப் போட்டுவிட்டாள். தண்ணீரை நன்றாக உறிஞ்சியது. அந்த மட்டுக்கும் வீராங்கனைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சென்னையில் ஆளே இல்லாத கார்கள் தானாக ஓட ஆரம்பித்து வெகுகாலம் ஆகியிருந்தது. திருநெல்வேலிக்கும் இரண்டு வந்தன. டவுன் ரதவீதியில் ஒரு மாடு, ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு கல்யாண ஊர்வலம் மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததும் நடுரோட்டிலேயே நின்றுவிட்டன. தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஆகவே மங்கைக்குத் தொழிலில் குறைவில்லை. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே இருந்து, ஆபத்து வந்தால் தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதிப்பது அவள் வேலை. முப்பத்து நாலு வயதில் வலது மார்பை எடுத்து, கீமோவையும் முடித்து, தலைமுடி முளைப்பதற்கு முன்பே அந்த இருக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது கொஞ்ச காலமாக வலது இடுப்பு வலித்தது. நாள் பூராவும் பிரேக் மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். துபாயில் இருக்கிற புருஷன் போனில் விசாரித்தால், "நான் கல்லு மாதிரி இருக்கேன், நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க" என்பாள்.

குழுவில் ஆறு பேர். மேலப்பாளையத்து ஷமீமா, மூன்று பிள்ளை பெற்றவள், மங்கைக்குச் சமவயது. ஜெசிந்தா, இருபத்தெட்டு வயது, கூட்டுறவு வங்கியில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இசக்கியம்மாள், எல்லாரிலும் சின்னவள், நடக்கப் பழகி ஓடத் தொடங்கிவிட்ட ஒரு ஆண்பிள்ளைக்குத் தாய். மற்ற இருவர் தென்காசி டீச்சர்கள், எப்போதும் ஒட்டிக்கொண்டே உட்காருகிறவர்கள். இவர்களை நடத்துகிறவள் ஸ்வப்னா என்கிற ஆலோசகர். உள்ளே நுழையும்போதே "ஹாய் வாரியர்ஸ்!" என்பாள். மங்கை அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அப்படிப்பட்ட குழுவுக்குள்தான் ஒரு நாள் டாக்டர் தயாபரன் ஒரு டப்பாவோடு வந்தார். டப்பாவில் ஸ்டிக்கர் பொட்டு அளவில், தோல் நிறத்தில் ஆறு வில்லைகள் இருந்தன. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றார். அவற்றுக்கு வாயில் நுழையாத ஒரு பேர் இருந்தது. பெண்கள் முதல் நாளே அதைப் பொட்டு என்று ஆக்கிவிட்டார்கள்.

"பயத்த அழிக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். "மாத்திரை குடுத்தா ஆள் மந்தமாயிடுவாங்க. ஆனா பங்கு போடலாம். ஒருத்தரோட உடம்பு அலறும்போது இந்தப் பொட்டு அந்த அலறலை எடுத்து மத்தவங்க உடம்புக்குப் பிரிச்சு அனுப்பிடும். ஆளுக்குக் கொஞ்சமாத் தெரியும், அவ்வளவுதான்."

"யாரோடது, எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள் மங்கை.

"தெரியாது. பேர் ஒட்டி வராது. உடம்பு அலறுறது மட்டும்தான் வரும். எதுக்கு அலறுதுன்னு அது சொல்லாது."

"மொட்டைக் கடுதாசின்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்து வைத்தார். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியையும் ஒரு கருவியில் உட்காரவைத்து அவரவர் பயத்தை அளந்து பார்த்தார். மங்கையின் முறை வந்தபோது திரையை இரண்டு தடவை பார்த்தார். "இருக்கறதுலயே உங்களுக்குத்தான் அதிகம் காட்டுது மேடம்" என்றார்.

"சவம், மெஷின மாத்துங்க" என்றாள் மங்கை. "லைசென்ஸ் இல்லாதவங்க ஓட்டுத வண்டியில தெனமும் உக்காந்து போற பொம்பள நான். எனக்குப் பயம்னு ஒண்ணு இருந்தா என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் அதோடு விட்டுவிட்டார்.

முதலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த முறை சராசரி. ஆறு பேர் பயத்தையும் ஒன்றாகக் கொட்டி ஆறு பேருக்கும் சமமாகப் பிரித்தார்கள். யாருக்கும் அதிகமில்லை, யாருக்கும் குறைவுமில்லை, எல்லாருக்கும் விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் ஒரே மாதிரி வெதுவெதுவென்று ஒரு கலக்கம். இதைத்தான் பெரிய முன்னேற்றம் என்று ஸ்வப்னா படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மங்கை அந்த நாட்களில் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டாள். கிளட்சை விடுகிற விதத்தை வைத்தே ஓட்டுகிறவர் யாரென்று சொல்லக்கூடியவள் அவள். பயமும் அப்படித்தான் என்று கண்டுகொண்டாள். விடியற்காலையில் வந்து கழுத்தைப் பிடித்தால் அது ஷமீமாவுடையது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற நேரம். மத்தியானம் அடிவயிற்றில் சுருட்டிக்கொண்டு வந்தால் இசக்கி, பிள்ளை தூங்கியதும் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். சாயங்காலம் திடீரென்று படபடத்தால் ஜெசிந்தாவுக்குக் கல்யாணத் தரகரிடமிருந்து போன் வந்திருக்கிறது. பொட்டு ஒட்டிய பிறகு மங்கைக்கு இன்னொரு வசதியும் வந்துவிட்டது. தன் நெஞ்சு அடித்துக்கொண்டால் அது யாரோ ஒருத்தியுடையது. அந்த வசதி எவ்வளவு பெரியது என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

சராசரி வேண்டாம் என்று முதலில் சொன்னவள் ஷமீமா.

"எங்க தெருவுல பாத்திரச் சீட்டு போடுதோம்லா" என்றாள். "மாசத்துக்கு ஒருத்தி அண்டாவத் தூக்கிட்டுப் போவா. அத விட்டுட்டு, மாசாமாசம் எல்லாருக்கும் ஆளுக்கொரு கரண்டின்னு குடுத்தா எவளுக்குப் பிரயோசனம்? இதையும் அப்படிப் போடுவோம். ஒரு மாசம் ஒருத்திக்குப் பயமே கெடையாது. அவளோடத மத்த அஞ்சு பேரும் சுமப்போம். அடுத்த மாசம் அடுத்தவ."

ஆஸ்பத்திரிக்காரர்கள் இத்தனை படித்தும் தோன்றாத விஷயம் இது. டாக்டர் தயாபரனும் செய்யலாம் என்றார். அன்றைக்கே சீட்டுக் குலுக்கினார்கள். பேர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஆஸ்பத்திரி கொடுத்த சிலிக்கோன் செயற்கை மார்பின் துணி உறைக்குள் போட்டு ஜெசிந்தா குலுக்கினாள். "இதுக்காவது உதவுச்சே" என்றாள் மங்கை. முதல் சீட்டு இசக்கிக்கு விழுந்தது, இரண்டாவது ஜெசிந்தாவுக்கு, கடைசிச் சீட்டு மங்கைக்கு. கடைசி என்றதும் அவள் தோளைக் குலுக்கினாள். தனக்கு எதற்குச் சீட்டு என்பது போல இருந்தது அந்தக் குலுக்கல்.

இசக்கி மாறிப்போனாள். மாமியார் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அத்தை, சாம்பார்ல உப்பு இல்லன்னா உப்பு போட்டுச் சாப்பிடுங்க" என்றாளாம். ஊர் கூடி அவளுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றது. அவள் பாட்டுக்கு நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், பாட்டுப் பாடினாள். பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று மங்கையிடமே வந்து நின்றாள்.

முதல் நாளே தாழையூத்து ரோட்டில் லாரியை இடப்பக்கமாக முந்தினாள். இரண்டாம் நாள் எதிரே பஸ் வருகிறது, இவள் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு சிரிக்கிறாள். மங்கை பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போனாள். பயந்து நடுங்குகிறவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடலாம், பயமே இல்லாதவள் கையில் சாவியைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏ மூதி, முன்னால பாத்து ஓட்டுளா!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா" என்று சொல்லி இசக்கி இருமினாள். நின்று நிதானித்து இருமினாள்.

"என்னளா இருமல் இது?"

"அது கெடக்கு அக்கா. ரொம்ப நாளா இருக்கு."

அந்த வாரத்தில்தான் மங்கைக்கு அது வர ஆரம்பித்தது. இதுவரை யாரிடமிருந்தும் வராத பயம். நெஞ்செலும்பின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. நேரம் காலம் இல்லை. காரிலிருந்து காலை ஊன்றி இறங்கும்போது வரும், மாடிப்படி ஏறும்போது வரும், கட்டிலில் திரும்பிப் படுக்கும்போது வரும். மங்கை கணக்குப் போட்டுப் பார்த்தாள். பங்கு வந்துகொண்டிருப்பது இசக்கியிடமிருந்து மட்டும்தான். அப்படியானால் இசக்கியின் உடம்புக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, உடம்பு கத்துகிறது, இவளோ பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாள். அந்த இருமல். நுரையீரலுக்குப் போயிருந்தால்? மங்கைக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மற்றவர்களிடம் கேட்டாள். "ஆமா மங்கை, நீ சொன்ன பெறகுதான் தோணுது, எனக்கும் நெஞ்ச அமுத்தத்தான் செய்யுது. அல்லாவே, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது" என்றாள் ஷமீமா. டீச்சர்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஜெசிந்தா மட்டும், "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் எப்படா நம்ம முறை வரும்னு தேதியக் கிழிச்சுக்கிட்டு இருக்கியே!" என்றாள் மங்கை.

ஜெசிந்தாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அவள் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நோய் வந்ததைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அவள் அம்மா மாதாவின் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தாள். போன தடவை ஒருவன் வந்தபோது ஜெசிந்தா எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தாள். காப்பித் தட்டோடு நின்றாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை பயமே இல்லாமல் அவன் முகத்தைப் பார்த்து, எனக்கு இன்னின்னது வந்தது, இன்னதை எடுத்திருக்கிறது, இஷ்டம் இருந்தால் பார் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தச் சீட்டு.

ஆனால் இசக்கியின் மாதம் முடிந்தும் சீட்டு அவளை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியின் ஆண்டுவிழா சனிக்கிழமை. மேடையில் ஏற்றிக் காட்ட அவர்களுக்குப் பயமில்லாத ஒரு பெண் வேண்டும். விழா முடிகிற வரைக்கும் அவளுக்கே ஓடட்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பாத்திரச் சீட்டில் இப்படிச் செய்தால் தெருவே கூடி உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் என்றாள் ஷமீமா.

மங்கை இசக்கியைப் பிடித்து உட்காரவைத்தாள். "நாளைக்கே ஸ்கேன் எடு."

"எடுக்கலாம் அக்கா, விழா முடியட்டும். எனக்கு ஒண்ணுமே தோணலியே."

"உனக்கு எப்படித் தோணும்? தோணுததெல்லாம் எங்களுக்குல்லா வருது!"

இசக்கி அழகாகச் சிரித்தாள். மங்கைக்கு அவளை ஓர் அறை விடலாம் போல இருந்தது. ஸ்வப்னாவிடம் போனாள். ஸ்வப்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நெகட்டிவா யோசிக்காதீங்க மங்கை, நம்ம எனர்ஜிதான் நமக்கு மருந்து" என்றாள். மங்கை கையை உருவிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

தயாபரன் நல்ல மனுஷர்தான், ஆனால் நிர்வாகத்தின் பேரைக் கேட்டால் குரல் இறங்கிவிடும். "அவங்களா வராம நான் எப்படிம்மா ஸ்கேன் எடுக்க முடியும்? விழா முடியாம சீட்டு முறைய மாத்தவும் விடமாட்டாங்க" என்றார். பிறகு கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவங்க பொட்டை அவங்களா எடுக்க மாட்டாங்க. அவங்க பயம் அவங்களுக்கே திரும்பணும்னா நீங்க அஞ்சு பேரும் பொட்டைக் கழட்டணும். ஒருத்தர் மிச்சம் இருந்தாலும் அவ்வளவும் அந்த ஒருத்தருக்குப் போகும். ஆனா ஒண்ணு. கழட்டினா திரும்ப ஒட்டாது. இந்த ஆராய்ச்சியே அத்தோட முடிஞ்சுடும்."

ஷமீமாவும் டீச்சர்களும் சரி என்றார்கள். ஜெசிந்தா மாட்டேன் என்றாள்.

"ஒரு உசிரு போகுதுன்னு சொல்லுதேன், நீ மாப்பிள்ளைக்குக் காப்பி குடுக்கதப் பத்திப் பேசுத" என்றாள் மங்கை.

"என் உசிரும் அதுலதான் அக்கா இருக்கு" என்று ஜெசிந்தா கத்தினாள். "உங்களுக்கெல்லாம் புருஷன் இருக்கு, பிள்ள இருக்கு. நீங்க பேசுவிய."

விழா அன்றைக்கு ஆஸ்பத்திரி அரங்கம் பூராவும் பலூன். குழுவுக்கு முன்வரிசை. இசக்கியின் மாமியாரும் புருஷனும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் செல்போனில் மேடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய பிள்ளை மேடைக்குப் பக்கத்துப் படிகளில் ஏறுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுமாக இருந்தது. மேடையிலிருந்து இசக்கி அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மைக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று நிர்வாக இயக்குநர் கேட்டார்.

"இல்ல சார்."

கைதட்டல்.

"நோய் திரும்பி வந்துட்டா?"

"வரட்டும் சார்."

அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி சாவு வந்தால் வரட்டும் என்கிறாள், அதற்கு எழுந்து நின்று கை தட்டுகிறான்கள். மங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதுக்குப் பின்னால் கையைக் கொடுத்து ஒரே இழுப்பில் பொட்டைப் பிய்த்தாள். பக்கத்தில் ஷமீமா பிய்த்தாள். டீச்சர்கள் ஒருத்தி காதிலிருந்து இன்னொருத்தி எடுத்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா பொட்ட எடுக்காளுவளே, வெளங்குமா!" என்று பின்னாலிருந்து இசக்கியின் மாமியார் சத்தம் போட்டாள்.

ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இசக்கியின் பயம் அவ்வளவும் இப்போது அவள் ஒருத்திக்குத்தான் போகும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டாள், அடி விழப் போகிறது என்று காத்திருக்கிறவள் மாதிரி. பிறகு கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

அப்போது படியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அவள் பார்த்தாள், அதன் தாய் மேடையில் கவலையில்லாமல் பேசிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் பொட்டைப் பிய்த்து எறிந்தாள்.

மேடையில் இசக்கி பாதிப் பேச்சில் நின்றுவிட்டாள். "எங்க..." என்றாள். மைக் அதையும் அரங்கம் முழுக்கச் சொன்னது. "எம் புள்ள எங்க?" மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய்ப் படியிலிருந்து பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள். அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள், இருமினாள், திரும்ப அழுதாள். "டாக்டர், எனக்கு இருமல் நிக்கவே மாட்டேங்கு. என்னன்னு பாருங்க டாக்டர்" என்றாள். நிர்வாக இயக்குநரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. ஸ்வப்னா ஓடிப் போய்ப் பாட்டைப் போடச் சொன்னாள்.

அன்று மத்தியானமே ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தயாபரன் வெளியே வந்து, "ஒண்ணுமே இல்ல. நுரையீரல் சுத்தமா இருக்கு. சளிதான். அஞ்சு நாளைக்கு மருந்து சாப்பிட்டா போயிடும்" என்றார்.

ஷமீமா கையேந்தி அல்லாவுக்கு நன்றி சொன்னாள். டீச்சர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜெசிந்தா எழுந்து மங்கையின் முன்னால் வந்து நின்றாள்.

"சளிக்கா அக்கா எஞ் சீட்டு போச்சு?"

ஜெசிந்தா அதோடு விடவில்லை.

"அவ பயம் பூராவும் கடைசியில எனக்குத்தான் வந்துச்சு. பிள்ள வச்சிருக்கவளுக்கு இருக்குத பயம், அவ்வளவுதான். நீங்க சொன்ன மாதிரி நெஞ்ச அமுத்துறது கிமுத்துறது ஒண்ணும் அதுல கெடையாது. எங்கருந்து கொண்டுவந்திய அத? நாளைக்கு நான் எப்படி வாயத் திறப்பேன்?"

"பயந்துக்கிட்டே சொல்லு" என்றாள் மங்கை. "சொல்ல வேண்டியவ எப்படியும் சொல்லுவா."

"நீங்க சொல்லுவியளா? ஒரு நாளாவது பயமா இருக்குன்னு உங்க வாயால வந்திருக்கா? எங்களத்தான் ஒவ்வொருத்தியா நோட்டம் பாத்து, இது இவளோடது, அது அவளோடதுன்னு பிரிச்சு வச்சிய. அந்த நேரத்துல உங்களது எங்க போச்சாம்?"

"எனக்கு இருந்தால்லா போகதுக்கு" என்று சொல்லி மங்கை எழுந்தாள். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். "லேசா ஆயிட்டுல்லா இப்ப?" என்று ஷமீமா கேட்டாள். "எனக்குக் கழட்டினதுமே சுமை இறங்கின மாதிரி இருக்கு." மங்கை ஆமாம் என்று தலையாட்டினாள். நெஞ்சில் அந்தக் கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாள் சுமந்த பழக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று வைத்துக்கொண்டாள்.

இசக்கியின் புருஷன் பிள்ளையையும் அம்மாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். இசக்கி மங்கையின் காரில் வந்தாள். "ஓட்டுதியா?" என்று கேட்டதற்கு, "பயமா இருக்கு அக்கா" என்றாள். "அப்ப ஓட்டலாம்" என்று மங்கை சாவியை அவள் கையில் போட்டாள்.

உண்மையிலேயே நன்றாக ஓட்டினாள். தெரு முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள், ஒரு கோழி குறுக்கே போனாலும் ஹாரன் அடித்தாள், லாரிக்குப் பின்னால் அடக்கமாக வந்தாள். இதைப் போல ஒருத்தியை இந்த மாதம் பூராவும் நான் பார்க்கவில்லை என்று மங்கை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். ஆனால் புறவழிச்சாலையில் ஆளில்லாத இடத்தில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"கிளட்ச விடுத லட்சணமா இது?"

"நான் கிளட்சுல காலே வைக்கல அக்கா. ஒழுங்காத்தான் போறேன்."

திரும்பக் கிளப்பினாள். கொஞ்ச தூரத்தில் திரும்பவும் குலுக்கி நின்றது. "என்ன ஓட்டுத நீ, மாட்டு வண்டியா?" என்றாள் மங்கை. மூன்றாம் முறை கிளம்பும்போது இசக்கி குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

"அக்கா, பிரேக்கு தானா உள்ள போகுது."

"பேய் மிதிக்கும். நேராப் பாத்து ஓட்டு."

இசக்கி காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். அவள் இடப்பக்கம் பார்த்தாள், கீழே பார்த்தாள். "நீங்கதான் மிதிக்கிய அக்கா" என்றாள்.

மங்கை குனிந்து பார்த்தாள். ரோடு காலியாகக் கிடந்தது. அவளுடைய வலது கால் பிரேக்கை அடி வரைக்கும் அமுக்கி வைத்திருந்தது. எடுக்கப் பார்த்தாள். இடுப்பில் அந்த வலி எழுந்தது. வலி எழுந்த அதே நொடியில் நெஞ்செலும்பின் நடுவில் அதுவும் எழுந்தது. கையைக் கொண்டுபோய்க் காதுக்குப் பின்னால் தடவினாள். வெறும் தோல்தான் இருந்தது. பொட்டு இல்லை, யாரிடமிருந்தும் வர வழியில்லை. காரிலிருந்து இறங்கும்போது வந்தது, மாடிப்படியில் வந்தது, திரும்பிப் படுக்கும்போது வந்தது, எல்லாம் இந்த இடுப்பு வலிக்கிறபோது வந்தது. ஊரார் பயத்தையெல்லாம் வாசனை பிடித்தவளுக்கு, தன் உடம்பு இத்தனை நாளாகத் தன்னைப் பார்த்துக் கத்தியது தெரியாமல் போயிற்று. ஒரு சளிக்காரியை மேடையிலிருந்து இழுத்து இறக்கியிருக்கிறாள். ஒரு பெண்ணின் சீட்டைக் கெடுத்திருக்கிறாள். எலும்புக்குப் போயிருக்குமோ என்கிற வார்த்தை அப்போதுதான் அவள் மனதில் முழுசாக வந்து உட்கார்ந்தது. நல்லா இருக்குடி உன் கெட்டிக்காரத்தனம் என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

"அக்கா, என்னாச்சு? தண்ணி குடிக்கியளா?"

மங்கை கண்ணாடி துடைக்கிற அந்த ரோஸ் பனியனை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.  

"ஏளா இசக்கி."

"என்னக்கா?"

"எனக்குப் பயமா இருக்கு."

இசக்கி அவளையே பார்த்தாள்.  பயமென்றால் என்னவென்று அவளுக்கு அன்றைக்குத்தான் திரும்பக் கிடைத்திருந்தது. மங்கையின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

"வண்டியத் திருப்பு" என்றாள் மங்கை. "ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் கெளம்பதுக்குள்ள போய்ப் பிடிக்கணும். ஜெசியும் இன்னும் அங்கதான் நிப்பா, அவகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பலூன்காரி ஸ்வப்னா கண்ணுல பட்டா நீ பேசிக்கோ, எனக்கு இப்பத் தெம்பில்ல."

"சரிக்கா. நீங்க பிரேக்குல இருந்து கால எடுங்க."

மங்கை வலது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கதவோரமாக வைத்துக்கொண்டாள். இசக்கி இண்டிகேட்டரைப் போட்டாள், நாகர்கோவில் பஸ் ஒன்று போகட்டும் என்று காத்திருந்தாள், இன்னொரு தடவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.